கார்டுக்குப் பெயரிடுவது யார்?

சி, இ, ஜி, ஏ ஆகிய நான்கு சுரங்களும் ஒருங்கே ஒலிக்கும் கார்டின் பெயர் என்ன? சி மூலச்சுரமானால் சி சிக்ஸ். ஏ மூலச்சுரமானால் ஏ மைனர் செவன். ஒலிகள் அவையே, இலக்கணம் வேறு. 'படி' பெயரா வினையா என்பதைத் தொடர்தானே தீர்மானிக்கிறது!

இசைக்குறிப்பு அச்சிடும் லில்லிபாண்ட் மென்பொருளிடம் சுரங்களை மட்டும் தந்தால், கீழ்ச்சுரத்தையே மூலமாகக் கொண்டு பெயரிடும். ஏயைக் கீழே வைத்துச் சி சிக்ஸை எண்ணியவரின் கருத்து அச்சில் மறைந்துவிடும். கார்டின் பெயரையே உள்ளிட்டுக் கீழ்ச்சுரத்தைத் தனியே சுட்டினால் அம்மென்பொருள் அதனை மதிக்கிறது. அவ்வுழைப்பைத்தான் பலரும் தவிர்க்கிறோம்.

தம்பானூரிலிருந்து நடைதொலைவிலுள்ள தைக்காட்டுச் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி மாணவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. கருநாடக இசையில் 12 சுரத்தானங்களுக்கு 16 பெயர்கள். சங்கராபரணத்தின் சதுசுருதி ரிஷபமே கனகாங்கியில் சுத்த காந்தாரம். வீணையில் மெட்டு ஒன்றுதான். பெயரைத் தருவது இராகம்.

இத்தகைய கோப்புகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், பெயரிட்டவர் இசையமைப்பாளரா நிரலா என்பதை ஆய்வேட்டில் பதிவு செய்தே ஆகவேண்டும். இல்லையேல் நிரலின் வழக்கத்தை இசையமைப்பாளரின் நடையென்று எழுதிப் பட்டமும் பெற்றுவிடுவோம்.