அடுப்படிப் புகையும் அக்காவின் இளைப்பும்



என்னுடைய அக்கா தன் சீவியத்தில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. புகைக்கிற ஆட்களுக்கு வருகிற நுரையீரல் நோய் அவருக்கு வந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னபோது நான் நம்பவில்லை. வேறு யாருடைய துண்டையோ மாறிப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அக்காவுக்கு 54 வயது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவர இடையில் இரண்டு தரம் நிற்பார். கேட்டால், "வயசு போகுதெல்லே, வேறென்ன" என்பார். காலையில் சளியோடு இருமல். நான் பாணி மருந்து வாங்கிக் கொடுத்தேன், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு மாரி இரவில் மூச்செடுக்க ஏலாமல் உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். மற்றவர்களுக்கு ஆரோக்கியம் பற்றி எழுதுகிற நான் வீட்டில் கோட்டை விட்டேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் குத்துகிறது.

வைத்தியர் அக்காவை ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். ஊதிய முழுக் காற்றில் முதல் ஒரு செக்கனில் எவ்வளவு வெளியே வருகிறது என்று அந்தக் கருவி காட்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்கக் கொடுத்த பின்னரும் அது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று கருத வேண்டும். தொய்வுக்காரருக்கு மருந்து பட்டதும் குழாய் பெரும்பாலும் திறந்துவிடும். அக்காவுக்குத் திறக்கவில்லை. இதைத்தான் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். சீ.ஓ.பீ.டி. என்று துண்டில் எழுதுவார்கள்.

பிறகு வைத்தியர் கேட்ட கேள்விகள்தான் என்னை உலுக்கின.

"எத்தினை வயசிலையிருந்து விறகிலை சமைக்கிறியள், அம்மா?"

"பன்ரண்டு வயசிலையிருந்து."

"வீட்டிலை ஆரும் புகைக்கிறவையோ?"

அத்தான் 2009 வரை வீட்டுக்குள் இருந்தே பீடி குடித்தவர். அதற்குப் பிறகு அத்தான் இல்லை.

"முன்னம் கசம் வந்ததோ?"

வந்தது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம், 2011 இல். ஆறு மாதம் ஒழுங்காக மருந்து எடுத்துச் சுகமானது. ஆனால் கசம் மாறிய பின்னும் நுரையீரலில் தழும்பு விட்டுப் போகும், அதுவும் இந்த நோய்க்கு வழி திறக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் இருந்த வருடங்கள். இடம்பெயர்ந்த இடமெல்லாம் தறப்பாளுக்குக் கீழே மூன்று கல்லும் ஈர விறகும். மழைக்கு வெளியே மூட்ட ஏலாது, உள்ளேதான் மூட்டினோம். இப்போது பத்து வருடமாக விடிய மூன்று மணிக்கு எழும்பி, கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறார். நாளுக்கு நாலு மணித்தியாலம் புகைக்குள். அவர் புகைக்கவில்லைத்தான், ஆனால் புகை அவரை விடவில்லையே.

பணக்கார நாடுகளில் இந்த நோய் வருகிறவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் புகையிலையால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களைப் போன்ற நாடுகளில் புகையிலையின் பங்கு 30 முதல் 40 வரைதான். அடுப்புப் புகைக்கும் முக்கிய பங்கு உண்டு. ஆலைத் தூசி, கல்லுடைக்கும் இடத்துத் தூசி, சிறு வயதில் அடிக்கடி வந்த சளிக்காய்ச்சல், நிறை குறைந்து பிறந்தது, சரியாகப் பார்க்காமல் விட்ட தொய்வு, இவையும் சேரும். 2021 இல் மாத்திரம் உலகில் 35 இலட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நான் அடுப்பை நிற்பாட்டச் சொன்னேன். அக்கா சிரித்தார். "அடுப்பை நிப்பாட்டினால் பிள்ளையின்ரை படிப்புச் செலவுக்கு நீ தாறியோ?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். காஸ் வாங்கலாம் என்றால், 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பையும் வீட்டில் பாவிக்க வேண்டாம் என்றே 2014 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

அப்போதுதான் சீனாவில், யுனான் மாகாணத்துச் சுவான்வெய் என்ற இடத்தைப் பற்றி நான் வாசித்தது நினைவுக்கு வந்தது. அங்கே வீட்டுக்குள் நிலக்கரி எரித்துச் சமைத்த விவசாயக் குடும்பங்கள் பல, அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தன. 1976 முதல் 1992 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்ததில், புகைபோக்கி வைத்த வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய காற்பங்கு குறைந்தது. ஆண்களுக்கு அதைவிடக் கூட. எரித்தது அதே கரிதான். ஆனால் பலன் ஐயமின்றித் தெரியப் பத்து வருடமளவில் எடுத்தது. ஆகவே இளம் பெண்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். அடுப்பைக் குசினியிலிருந்து எடுத்து, பக்கம் திறந்த பத்திக்கு மாற்றினோம். கல்லடுப்புக்குப் பதிலாக இரண்டு பானை வைக்கும் அனகி அடுப்பு. விறகு குறையும், புகையும் குறையும், ஆனால் முற்றாகப் போகாது. விறகை ஒரு கிழமைக்கு முன்னரே வெட்டிக் காயப்போடுகிறோம். பொலித்தீன் பை வைத்து அடுப்பு மூட்டுகிற பழக்கத்தை விட்டோம் (எங்கள் ஒழுங்கையில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறது, தயவுசெய்து விடுங்கள்). மகளின் கைக்குழந்தையை அடுப்படிக்குக் கொண்டுவரக் கூடாது என்று கட்டளை. பிஞ்சு நுரையீரல் வளருகிற வயதில் புகை பட்டால் அது முழுதாக வளராது.

அக்காவின் மூச்சு பழையபடி வரவில்லை, வராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இழுக்கிற மருந்தை ஒழுங்காக எடுத்தால் மேலும் மோசமாவதைக் குறைக்கலாம். அதை எடுக்கிறார். தண்ணீர் வாளியை இப்போது மகன் தூக்குகிறான்.

உங்களில் யாருக்காவது இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைக் காட்டுங்கள், காசில்லை. கசம் இல்லை என்று வந்தும் நடக்க இளைத்தால், எத்தனை வருடம் விறகில் சமைக்கிறீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

பத்திக்குப் புகைபோக்கி இன்னும் போடவில்லை. தகரத்துக்கு அக்கா உண்டியலில் சேர்க்கிறார். மாரிக்கு முன்னம் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.