மதிப்பெண்ணுக்கு அப்பால் ஒரு சமாதானம்



2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள். அக்காலத்தில் தமிழ்ப்பள்ளிகளில் 7 பாடங்கள். எனவே எல்லார் வாயிலும் '7ஏ' என்ற ஒரே மந்திரந்தான். என் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்ச்சி அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்தான். 2ஏ பெற்றிருந்தான். உழைப்பாளிப் பிள்ளை. அருகில் சென்று அமர்ந்தேன். "ஐயா, தினமும் ஜெபம் பண்ணினேன். அம்மா உபவாசம்கூட இருந்தாங்க. ஆண்டவருக்குக் கேட்கலையா?" என்றான்.

நானும் கிறித்தவன், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துபவன். இருந்தும், "பரவாயில்லைப்பா, எஸ்.பி.எம்.-இல் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொன்னேன். அவன் இறைவனைப் பற்றிக் கேட்டான். நான் இன்னொரு தேர்வைக் காட்டினேன். இன்றுவரை அந்தப் பதில் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், பிள்ளைகளை ஒப்பிடும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து நீங்கிவிட்டதா? வகுப்புசார் மதிப்பீட்டின் தேர்ச்சி நிலைகளையும் தரவரிசையாக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 6, உனக்கு ஏன் 4 என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். கிறித்தவ இல்லங்களில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தேர்வு நெருங்கும்போது மட்டும் திருமறை திறக்கப்படுகிறது. எழுதுகோல்கள் ஆலயத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. வேண்டுதல் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால், மதிப்பெண் குறைந்தால் இறைவனும் கைவிட்டுவிட்டார் என்று ஒரு பிள்ளை எண்ணுமானால், அதற்கு நாம் கற்பித்தது விசுவாசமன்று. தாயத்துக் கட்டும் வேலையே!

தமிழாசிரியன் என்பதால் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பழைய தமிழ்த் திருமறையில் 'சமாதானம்' என்றிருக்கும் இடங்களில், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'அமைதி' என்கிறது. இரண்டும் நல்ல தமிழ் வழக்கே. எனினும், வகுப்பறையில் நாளைக்கு இருபது முறை "அமைதி!" என்று அதட்டுகின்ற எனக்கு, அச்சொல் ஓசை அடங்குவதை மட்டுமே நினைவூட்டுகிறது. 'சமாதானம்' என்பதோ பிணக்குற்ற இருவர் மீண்டும் சேர்வது. எபிரேய மொழியின் 'ஷாலோம்' குறைவின்றி முழுமையாயிருப்பதைக் குறிப்பது. அதற்கு இதுவே நெருக்கமாகப் படுகிறது. இந்தச் சமாதானத்தைப் பற்றிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது அவர் விலங்கிடப்பட்ட கைதி. இயேசு தம் சீடருக்கு அதை வாக்களித்தது தாம் பிடிபடுவதற்குச் சற்று முன்னர். துன்பம் வராது என்ற உறுதிமொழி இவ்விரு இடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மைப் போலவே தமிழாசிரியராகப் பணியாற்றிய எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை (1827-1900) இதை நன்குணர்ந்தவர். வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறித்தவம் தழுவியவர். ஆங்கிலேயரான ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். பனியனோ தம் சமயக் கொள்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர். அவர் கதையில் வரும் பயணி சேற்றில் விழுகிறான், சிறைப்படுகிறான், ஆயினும் போகுமிடம் தெரிந்தவனாக நடக்கிறான்.

இப்போது அந்த மாணவன் வந்து கேட்டால், மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைத்தான் எடுத்து வைப்பேன். தலைவன் ஒருவன் தன் ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறான். அவரவர் திறமையை அறிந்தே கொடுக்கிறான். திறமையைக் குறிக்கும் 'டேலண்ட்' என்ற ஆங்கிலச் சொல் இந்த உவமையிலிருந்தே அப்பொருளைப் பெற்றது. ஆனால், அன்று தாலந்து என்பது பெருந்தொகை; ஒரு கூலித் தொழிலாளியின் ஏறத்தாழ இருபது ஆண்டு ஊதியம். ஒரு தாலந்து பெற்றவனும் ஏழையல்லன்! ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு. நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவாக இருந்தால் முன்னவனுக்குக் கேடயம், பின்னவனுக்குக் கைதட்டல். அந்தத் தலைவன் செய்தது வேறு.

மூன்றாமவன் மண்ணில் புதைத்ததற்குச் சோம்பலை மட்டுமே காரணமாகச் சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். தலைவன் கடுமையானவன் என்று பயந்து புதைத்ததாக அவனே சொல்கிறான். அவனுக்குக் கிடைத்த தண்டனை கடுமையானது. அப்பகுதியைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எனக்கு இன்றும் எளிதாயில்லை. ஆனால், பயந்த பிள்ளை தன்னிடமுள்ளதைப் புதைத்துவிடும் என்பதை நான் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். விடை தெரிந்தும் கைதூக்காத பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தந்தை, ஆசிரியர், இறைவன் எல்லாரும் ஒரே கடுமுகமாகத் தோன்றுகின்றனர்.

அடுத்த முறை தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில், அதைத் திறப்பதற்கு முன் இந்த அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் பிள்ளையைத் தமிழிலேயே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து தாலந்துக்காரனுக்குக் கிடைத்த பாராட்டுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்குக் கிடைத்த பாராட்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். பிள்ளை தேடட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.