நிறம் பிறகு, முதலில் பிரைமர்!

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு அம்பாசிடர் கார்.

அந்தக் காருக்குச் சக்கரம் இல்லை. கண்ணாடி இல்லை. ஒன்பது ஆண்டுகளாக, கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

"எங்க அப்பா இந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சார்" என்கிறார் வீட்டுக்காரர்.

அப்பா காலமான பிறகு, அவர் நினைவாகக் காரைப் புதுப்பிக்க முனைந்தார், மகன். பழைய பெயிண்டைச் சுரண்டினார். துருப் பிடித்த இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தார். அந்த நேரத்தில் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. கையில் இருந்த பணம் கரைந்தது. "இப்போதைக்கு இது போதும்" என்று சிவப்பு ஆக்சைடு பிரைமரை ஒரு தடவை அடித்து, கொட்டகையைச் சாத்தினார்.

சென்ற மாதம் கொட்டகை மீண்டும் திறந்தது. திறக்க வைத்தவள் அவருடைய மகள். "அப்பா, தாத்தா காரில் என்னை ஒரு நாளாவது கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டாள்.

இப்போது வீட்டில் ஒரே விவாதம். கறுப்பா, வெள்ளையா? "ஏங்க, பிரைமர்தான் ஏற்கெனவே அடிச்சிருக்கே! அது மேலேயே பெயிண்ட் அடிச்சா செலவு மிச்சம்தானே?" என்கிறார், வீட்டுக்கார அம்மா.

என் கருத்தைக் கேட்டார்கள். "நிறத்தைப் பிறகு பேசலாம். முதலில் அந்தச் சிவப்பைச் சுரண்டுங்கள்" என்றேன்.

ஏன் சுரண்ட வேண்டும்?

இரும்பில் துரு ஏற, காற்றும் ஈரமும் போதும். அவை தகட்டைத் தொடாமல் காப்பது பிரைமரின் வேலை. மேலே வரும் பெயிண்டைத் தகட்டோடு பிடித்து வைப்பதும் அதன் வேலைதான்.

சாதாரண சிவப்பு ஆக்சைடு, ஜன்னல் கம்பிக்குச் சரி. மேலே பெயிண்ட் இல்லாமல் பல மழைக்காலம் கிடந்தால், ஈரம் அதைத் தாண்டி உள்ளே போய்விடும். பிரைமரும் சிவப்பு, துருவும் சிவப்பு. உள்ளே அரிப்பது கண்ணுக்கே தெரியாது! இன்றைய கார் பெயிண்டுகளில் உள்ள கடுமையான தின்னர் பட்டால், அந்தப் பழைய பூச்சு சுருங்கிக் கிளம்பவும் கூடும்.

அம்பாசிடருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. கூடுதான் அதற்கு எலும்பு. கூடு அரித்தால் வண்டியே பலம் இழக்கும். அந்தக் காரின் உற்பத்தியும் 2014-ம் ஆண்டு நின்றுவிட்டது. இருக்கிற தகட்டைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

எந்தப் பிரைமர்?

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்.

ஒன்று, அமிலம் கலந்த 'எட்ச்' பிரைமர். தகட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் மெல்லியது, தனியாக நின்று ஈரத்தைத் தடுக்காது.

இரண்டு, 'சர்பேசர்'. உப்புத்தாள் தேய்த்த கீறல்களை நிரப்பி வழவழப்பாக்கும். பலர் இதை மட்டும் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது தவறு. இது ஈரத்தை உறிஞ்சும்.

மூன்று, எபாக்ஸி. இரண்டு டப்பாவில் வரும்; கலந்து அடிக்க வேண்டும். விலை கூடுதல். ஆனால் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை பார்க்கிறவருக்கு இதுவே ஏற்றது. அடுத்த பூச்சுக்கு டப்பாவில் போட்டிருக்கும் கெடு தாண்டிவிட்டால், லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடரலாம்.

சுத்தமான தகடு, எபாக்ஸி, பட்டி, சர்பேசர், கடைசியில் நிறம். இதுதான் வரிசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்க வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பெயிண்ட் அடிக்கும்போது, புகையைத் தடுக்கும் முகமூடி கட்டாயம்.

பாம்பனைப் பாருங்கள்!

இது கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரெயில் பாலத்தை உப்புக் காற்று அரித்தது. 2022 டிசம்பரில் அதில் ரெயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது. அதன் இரும்புக்கு முதலில் துத்தநாகப் பூச்சு, அதன் மேல் எபாக்ஸி, அதற்கும் மேலேதான் வெளிப்பூச்சு. கடலுக்கு நடுவே நிற்கும் பாலத்துக்கும் அடிப்பூச்சுதான் காவல்!

ஒன்பது ஆண்டு வேலை நின்று போனது குற்றம் இல்லை. தங்கையின் கல்யாணம் காரைவிடப் பெரியது. ஆனால் நின்ற இடத்தில் இருந்தே தொடர்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், அடியில் இருக்கும் துருவும் கூடவே வரும். இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குவதில் வெட்கம் என்ன?

சென்ற ஞாயிறு அந்தத் தெருவில் உப்புத்தாள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா தேய்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில், தூரமாக உட்கார்ந்து, மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "இன்னும் எத்தனை வாரம் ஆகும்ப்பா?"