எது குறைவோ அது

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. மதுரையில இருந்து சென்னைக்கு மூணு மாசம் முன்னாடியே விமான டிக்கெட் போட்டுட்டீங்க. மொத்தம் 3,100 ரூபாய். அதுல அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 2,300. மிச்சம் வரி, விமான நிலையக் கட்டணம் வகையறா. (எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டது.) கிளம்புற அன்னிக்குக் காலையில "ஃப்ளைட் கேன்சல்"னு ஒரு எஸ்.எம்.எஸ். வேற கம்பெனி விமானத்துல அன்னிக்கு டிக்கெட் 9,000 ரூபாய். உங்களுக்கு எவ்வளவு நஷ்ட ஈடு?

7,500னு சொன்னா நீங்க பேப்பர் படிக்கிறவர். 2,300னு சொன்னா நீங்க விதியைப் படிச்சவர்.

விதி எதுன்னா, டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) 2010 ஆகஸ்ட்ல போட்டது. அப்புறம் 2016லயும் 2019லயும் திருத்தினாங்க. விமானம் ரத்துன்னா ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லணும். அது முடியலைன்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடியாவது சொல்லி மாற்று விமானமோ பணமோ குடுக்கணும். அதையும் செய்யலைன்னா, பயணி ஒத்துக்கிற மாற்று விமானம் தரணும், இல்லாட்டி முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்து அதுக்கு மேல நஷ்ட ஈடும் தரணும். ஒரு மணி நேரத்துக்குள்ள பறக்குற தூரத்துக்கு 5,000, ரெண்டு மணி நேரம் வரை 7,500, அதுக்கு மேல 10,000.

இதுவரைக்கும்தான் பேப்பர்ல வரும். அதே வரியில இன்னொரு துண்டு இருக்கு. "அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அது." இந்த நாலஞ்சு வார்த்தையைப் பத்தித்தான் இந்தப் பதிவே.

மேல சொன்ன கணக்கை முடிச்சிருவோம். 3,100 திரும்பி வரும், நஷ்ட ஈடு 2,300, ஆக 5,400. புது டிக்கெட் 9,000. உங்க கையில இருந்து 3,600 போச்சு, தப்பு அவங்க பக்கம் இருந்தும். இப்ப பக்கத்து சீட்டுக்காரரைப் பாருங்க. அவர் கடைசி நேரத்துல 9,000 ரூபாய்க்கு வாங்கினவர், அடிப்படைக் கட்டணமே 8,000ன்னு வைங்க. அவருக்கு முழுப் பணமும் வரும், மேல 7,500ம் வரும். ரெண்டு பேரும் ஒரே விமானத்துக்காக நின்னவங்க, ஒரே மாதிரி நடுத்தெருவுல விடப்பட்டவங்க. ஆனா மூணு மாசம் முன்னாடியே திட்டம் போட்டு, காசைச் சேர்த்து வச்சு வாங்கினவனுக்குத்தான் கம்மி. முன்கூட்டி வாங்குறவன் யாரு? கல்யாணத்துக்குப் போற குடும்பம், இன்டர்வியூவுக்குப் போற பையன், ஆபரேஷனுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போற பொண்ணு. கம்பெனிக் காசுல பறக்கிற ஆபீசர் இல்ல.

பி.காம் மக்கா, பிசினஸ் லா பேப்பர் ஞாபகம் இருக்கா? 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73. ஒப்பந்தத்தை மீறினா, இயல்பா வரக்கூடிய நஷ்டத்தை மீறினவன் குடுக்கணும், ரொம்பத் தூரத்து நஷ்டத்தைக் குடுக்க வேண்டாம். அதுக்கு நமக்கு மனப்பாடம் பண்ண வச்ச வழக்கு ஹாட்லி எதிர் பாக்சன்டேல், 1854. பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துட்டோம், ஆனா அது என்ன வழக்கு? இங்கிலாந்துல ஒரு மாவு மில்லுல இயந்திரத் தண்டு உடைஞ்சு போச்சு. புதுசு செய்யறதுக்கு மாதிரியா அதைச் சரக்கு ஏத்துறவங்க கிட்ட குடுத்தாங்க, அவங்க லேட் பண்ணிட்டாங்க. ஆக, அதுவே போக்குவரத்துத் தாமத வழக்குதான்! மில் மூடிக் கிடந்த நாட்களோட லாபத்தை மில்காரர் கேட்டார், கிடைக்கல. மில் நிக்கும்னு சரக்குக்காரனுக்குத் தெரியாதேன்னு கோர்ட் சொல்லிருச்சு.

சரி, அதையே இங்க வச்சுப் பாருங்க. விமானம் ரத்தானதால என் இன்டர்வியூ போச்சு, வேலை போச்சு, சம்பளம் போச்சுன்னு கேட்டா அது தூரத்து நஷ்டம், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கே போயாகணும்னு வாங்கின மாற்று டிக்கெட்டோட கூடுதல் விலை? அதை விட இயல்பான நஷ்டம் உலகத்துல எதுவும் கிடையாது. 1872ல எழுதின சட்டம் குடுக்கச் சொல்ற அளவுக்குக் கூட 2010ல எழுதின விதி குடுக்கல.

ஐரோப்பாவுல 2005ல இருந்து நடைமுறையில இருக்கிற விதியில டிக்கெட் விலைங்கிற பேச்சே கிடையாது. தூரத்தைப் பார்த்து 250, 400, 600 யூரோ. நீங்க 20 யூரோவுக்கு டிக்கெட் வாங்கியிருந்தாலும் 250 தான். காரணம் எளிமையானது. நஷ்டம் பயணியோட நேரத்துல, டிக்கெட் விலையில இல்ல. அங்கிருந்து கிளம்புற விமானம் எந்த நாட்டுக் கம்பெனியோடதா இருந்தாலும் பொருந்தும். பாரிஸ்ல, ஃபிராங்க்பர்ட்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க ஏர் இந்தியாவுல ஊருக்கு வர்றப்பவும் இதைக் கேட்கலாம். லண்டன்காரங்களுக்கும் பிரெக்சிட்டுக்கு அப்புறம் இதே மாதிரி தனி விதி இருக்கு, 520 பவுண்டு வரைக்கும்.

அடுத்த ஓட்டை தாமதம். நம்ம ஊர் விதியில தாமதத்துக்கு ஒரு பைசா கிடையாது. குட்டி விமானப் பயணம்னா ரெண்டு மணி நேரத் தாமதத்துக்கு அப்புறம் சாப்பாடு, தண்ணி. ஆறு மணி நேரத்துக்கு மேலன்னா மாற்று விமானம் இல்லாட்டி பணம் வாபஸ். 24 மணி நேரத்தைத் தாண்டினா, இல்ல ராத்திரி கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனா, ஓட்டல் ரூம். அவ்வளவுதான். அஞ்சே முக்கால் மணி நேரம் உட்கார வச்சா சமோசாவும் காபியும். இப்ப நீங்க ஒரு கம்பெனி மேனேஜர்னு வைங்க. ரத்துன்னு அறிவிச்சா காசு குடுக்கணும், "இன்னும் ஒரு மணி நேரம்"னு தள்ளிக்கிட்டே போனா குடுக்க வேண்டாம். என்ன பண்ணுவீங்க? ஐரோப்பாவுலயும் இதே கோளாறு இருந்தது. 2009 நவம்பர்ல ஸ்டர்ஜன் வழக்குல ஐரோப்பிய நீதிமன்றம், மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டாப் போய்ச் சேர்ந்தா ரத்துக்குக் குடுக்கிற அதே காசைக் குடுன்னு சொல்லி அடைச்சிருச்சு. (2025 ஜூன்ல உறுப்பு நாட்டு அமைச்சர்கள் அந்த மூணு மணி நேரத்தை நாலு, ஆறுன்னு ஏத்தலாம்னு பேசி வச்சாங்க. கம்பெனிக்காரங்க அங்கேயும் சும்மா இல்ல.)

நம்ம உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரு வழக்கு வந்தது. 2007 டிசம்பர்ல டெல்லியில மூடுபனி, ஐதராபாத் போற இண்டிகோ விமானம் மணிக்கணக்கா தாமதம். ஐதராபாத் நிரந்தர லோக் அதாலத் பயணிக்கு 10,000 ரூபாய் குடுக்கச் சொல்லிச்சு. 2011 ஜூலைல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிருச்சு. பனிக்குக் கம்பெனி பொறுப்பில்லன்னு. எனக்கு இதுல சண்டை இல்ல. ஆனா அதே தீர்ப்புல, மலிவுக் கட்டண விமானம்னாலும் மாட்டிக்கிட்ட பயணிக்குக் குறைந்தபட்ச வசதி செஞ்சு குடுத்தே ஆகணும்னும் சொல்லியிருக்காங்க. கவுன்ட்டர்ல "இது லோ காஸ்ட் சார்"னு யாராவது ஆரம்பிச்சா இதைச் சொல்லுங்க.

ரயிலுக்கு இன்னும் கடுமையாச் சொன்னாங்க. 2016 ஜூன்ல அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரம் லேட், அதனால ஸ்ரீநகர் விமானத்தை விட்டுட்டு ஒரு குடும்பம் டாக்சி பிடிச்சுப் போச்சு. தாமதத்துக்குக் காரணம் காட்டி நிரூபிக்கலைன்னா ரயில்வே காசு குடுக்கணும்னு 2021 செப்டம்பர்ல தீர்ப்பு. காரணத்தை நிரூபிக்கிற பாரம் யார் தலையிலங்கிறதுதான் இதுல முக்கியம்.

2025 டிசம்பர் சங்கதிக்கு வருவோம். விமானிகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டின விதியோட ரெண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் அமல். விதியை டி.ஜி.சி.ஏ. வெளியிட்டது 2024 ஜனவரியில. கிட்டத்தட்ட ரெண்டு வருஷ நோட்டீஸ்! இருந்தும் டிசம்பர் முதல் வாரத்துல இண்டிகோ கிட்ட ஆள் பத்தல. 5ம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கும் மேல ரத்து. மத்த விமானங்கள்ல விலை ஏறின வேகத்துல அரசாங்கமே மறுநாள் உச்சவரம்பு போட வேண்டியதாச்சு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்னு. நம்ம கணக்கை மறுபடி பாருங்க. மதுரை - சென்னைக்கு அரசாங்கமே நியாயம்னு சொல்ற நெருக்கடி விலை 7,500. அதே அரசாங்க விதிப்படி முன்கூட்டி வாங்கினவருக்கு நஷ்ட ஈடு ரெண்டாயிரத்துச் சொச்சம். அப்புறம் ரொம்பப் பாதிக்கப்பட்டவங்களுக்கு 10,000 ரூபாய் வவுச்சர்னு கம்பெனி அறிவிச்சது. வவுச்சர்னா திரும்ப அவங்க விமானத்துலயே ஏறணும். 2026 ஜனவரியில டி.ஜி.சி.ஏ. 22.20 கோடி அபராதம் போட்டது. சந்தோஷம், ஆனா அபராதம் பயணி பாக்கெட்டுக்கு வர்ற காசு இல்லையே.

எதிர்வாதம் தெரியும். நஷ்ட ஈட்டைக் கூட்டினா டிக்கெட் விலை ஏறும், மதுரை மாதிரி ஊருக்கு விமானத்தைக் குறைச்சிருவாங்க. போட்டுப் பார்ப்போம். நூறு விமானத்துல ஒண்ணு கடைசி நேரத்துல ரத்தாகுதுன்னு வைங்க, ஆளுக்கு 5,000 நிலையான தொகை குடுத்தா டிக்கெட்டுக்கு 50 ரூபாய் ஏறும். விமான நிலையத்துல ஒரு காபி வாங்க முடியாத காசு. காப்பீடுங்கிறதே இதானே? அதனால "எது குறைவோ அது"ங்கிறதை எடுத்துட்டு தூரத்துக்கு இவ்வளவுன்னு நிலையான தொகை வைக்கணும், மூணு மணி நேரத் தாமதத்துக்கும் அதையே நீட்டணும்ங்கிறது என் கருத்து.

விதி மாறுற வரைக்கும் இருக்கிறதை வச்சுத்தான் ஓட்டணும். எங்க பெரியப்பாவுக்கு நடந்தது (கம்பெனி பேர் வேண்டாம்). டவுன்ல ஏஜென்ட் கிட்ட டிக்கெட் போட்டார், ஏஜென்ட் தன் செல் நம்பரையே குடுத்துட்டார். ரத்துச் செய்தி அவருக்குப் போச்சு, பெரியப்பா பெருங்குடியில பெட்டியோட நின்னார். கேட்டா "முந்தா நாளே தகவல் அனுப்பியாச்சு". சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு நஷ்ட ஈடு இல்லைன்னு விதியிலயே இருக்கு. அதனால ஏஜென்ட் கிட்ட போட்டாலும் உங்க நம்பரைப் போடச் சொல்லுங்க, அவர் எதிர்லயே சரிபாருங்க.

காரணத்தை எழுத்துல வாங்குங்க. வெள்ளம், கலவரம், வானிலை, வேலைநிறுத்தம் மாதிரி கம்பெனி கையில இல்லாத காரணம்னா காசு கிடையாதுங்கிறதால பின்னாடி எல்லாமே வானிலை ஆயிரும். முதல்ல கம்பெனிக்கு மெயில், அப்புறம் ஏர்சேவா. அதுக்கும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், குர்கானுக்கு ஓட வேண்டியதில்ல, மதுரை மாவட்ட ஆணையமே போதும். அஞ்சு லட்சம் வரை கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, இ-ஜாக்ரிதி தளத்துல வீட்டுல இருந்தே பதியலாம், ரெண்டு வருஷம் அவகாசம் இருக்கு. மனுவுல டி.ஜி.சி.ஏ. தொகையோட நிறுத்திடாதீங்க. மாற்று டிக்கெட் ரசீதையும் வச்சு முழு வித்தியாசத்தையும் கேளுங்க.