டமார் என்று சாத்தப்படும் கதவு



காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுக்கிற வாரம் வந்துவிட்டால், பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் சாயங்காலம் ஒரே மாதிரிதான் போகும்.

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்கு வருகிறான் பத்தாவது படிக்கும் பையன். ஒரு ஷூவைத்தான் கழற்றியிருக்கிறான். அதற்குள் “மேத்ஸ் பேப்பர் குடுத்தாங்களா? எவ்ளோ?” என்று கேட்டாகிவிட்டது. அவன் வாய் திறக்கும் முன்பே “எதிர்வீட்டுப் பையனுக்கு எவ்ளோ?” என்று அடுத்த கேள்வி. பை சோபாவில் போய் விழுகிறது. “சும்மா இரும்மா!” என்று ஒரு கத்தல். கதவு டமார்.

காலையில் அரை இட்லியோடு ஓடிய பிள்ளை அது. டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள், மதியச் சாப்பாடும் பாதி அப்படியே இருக்கும். ஆபீஸிலிருந்து இதே களைப்போடு வரும் பெரியவர்களுக்கு முதலில் காபி கொடுப்போம், அப்புறம்தானே எதையும் கேட்போம்?

களைப்பு மட்டும் காரணமில்லை, வயதும்தான். கோபத்தைச் சட்டென்று கிளப்பிவிடும் மூளைப் பகுதி சின்ன வயதிலேயே சுறுசுறுப்பாகிவிடும். ‘கொஞ்சம் பொறு’ என்று யோசிக்க வைக்கும் முன்பகுதி முழுசாக வளர, இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆக, டீன் ஏஜ் பிள்ளையின் கோபத்தை வளர்ப்பு சரியில்லை என்று எடுத்துக்கொண்டு நாம் நொந்துபோக வேண்டியதில்லை.

தூக்கத்தையும் பார்க்க வேண்டும். 13 வயதிலிருந்து 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் இரவு தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. “பத்து மணிக்குத் தூக்கம் வரலை” என்று பிள்ளை சொல்வது முழுக்கப் பொய் இல்லை. (கையில் இருக்கும் மொபைல் அதை இன்னும் தள்ளிப்போடுகிறது என்பதும் உண்மைதான்.) காலை டியூஷனுக்கு ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டால் எவ்வளவு தூக்கம் மிஞ்சும்?

எனக்கு உறுத்துவது வேறொன்று. அப்பா கத்தினால் “அவர் டென்ஷன்ல இருக்கார்.” மகன் கத்தினால் “திமிர்.” மகள் குரல் உயர்த்தினாலோ, “பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ கோவம் ஆகாது.” அவள் அதை விழுங்கிக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்துவிடுகிறாள். அந்த வீட்டில் பிரச்சினையே இல்லை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

எல்லாக் கோபமும் அடக்க வேண்டிய கோபம் இல்லை. சொந்தக்காரர்கள் முன்னால் மார்க்கைச் சொல்லிக் காட்டினால், வகுப்பில் நாலு பேர் சேர்ந்து கேலி செய்தால், கோபம் வரத்தானே செய்யும்? கோபப்படலாம், கை ஓங்கவோ பொருளை உடைக்கவோ கூடாது. இந்த எல்லையைப் பெரியவர்களுக்கும் சேர்த்தே வைத்தால்தான் பிள்ளை அதை மதிப்பான்.

கத்திக்கொண்டிருக்கும்போது புத்திமதி சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் போகும்போதோ, கூடவே நின்று துணி காயப்போடும்போதோ கேட்டுப் பாருங்கள்: “நேத்து அந்த நேரத்துல உனக்கு என்ன ஆச்சு?” முகத்துக்கு நேரே உட்கார வைத்து விசாரித்தால் வராத பதில், இப்படிக் கேட்டால் வரும். கேட்டுவிட்டு நாம் பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்!

“காது சூடாச்சு”, “பல்லைக் கடிச்சுக்கிட்டேன்” என்று ஏதாவது சொல்வார்கள். அதுதான் நல்ல தொடக்கம். கோபம் உடம்பில் எப்படி ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிட்டால், முற்றும் முன்பே பிள்ளையால் விலகிக்கொள்ள முடியும். “நான் மாடிக்குப் போறேன்” என்று சொன்னால் அது மரியாதைக் குறைவு ஆகாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பின்னாலேயே படியேறிப் போகாதீர்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான், தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிறான் என்றால் “வயசுக் கோளாறு” என்று தள்ளிப்போட வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் தாங்களாகவே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

அம்மா படித்துவிட்டு வைத்த இந்த இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு எதற்குக் கோபம் வருகிறது? எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. திட்டி எழுதினாலும் சரிதான்.

அன்புடன்,
ஆசிரியர்