படியளப்பவர் யார்?

"அரசு ஊழியர்க்கு இன்பச் செய்தி", "பண்டிகைப் பரிசு", "அள்ளித் தந்தது அரசு" என்றெல்லாம் ஆண்டுக்கு இருமுறை தலைப்புத் தீட்டிக் களிக்கின்றன நாளேடுகள். அகவிலைப்படி இரண்டு விழுக்காடோ மூன்று விழுக்காடோ ஏறியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஒருபக்கம் ஆளவந்தார்க்கு வாழ்த்துமடல், மறுபக்கம், "இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாதா?" என்று ஊழியர்மீது வசைமாரி. வாழ்த்துவோரும் வைவோரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றனர்: கொடுக்கப்பட்டது கொடை என்பதில்.

அந்த ஒன்றைத்தான் தோழர்களே, நாம் மறுக்கிறோம்.

சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். அகவிலை என்றால் தானியத்தின் விலை. படி என்றால் தானியத்தை அளக்கும் அளவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், விலைவாசி ஏறிக்கொண்டே போக, வாங்கிய சம்பளம் வயிற்றுக்கு எட்டாமற் போனபோது வழங்கத் தொடங்கிய தொகை இது. பஞ்சப்படி என்றே அன்று அதனை அழைத்தனர். பெயரிலே ஒளிவுமறைவு இல்லை. பின்னர் அது அகவிலைப்படி என்று மெருகேறிற்று. பஞ்சம் பெயரைவிட்டுப் போயிற்று, வீட்டைவிட்டுப் போயிற்றா என்பதை இல்லத்தரசியரைக் கேட்டால் தெரியும்.

"படியளப்பவன் ஆண்டவன்" என்று நம் பாட்டன்மார் நம்பினர். அளந்தது போதாதபோது, தலைவிதி என்று தலையில் கைவைத்து அமர்ந்தனர். நாம் பகுத்தறிவுப் பாசறையிலே பயின்றவர்கள். ஆண்டவன் அளப்பதில்லை என்று மேடைதோறும் முழங்கியவர்கள். ஆனால் அந்தப் பீடத்திலே ஆள்பவரை ஏற்றி அமர்த்தி, அவர் அளப்பதை அருள் என்று கைகூப்பி ஏற்போமானால், நாம் விட்டொழித்த மூடநம்பிக்கைதான் எது?

அருளுக்கு இங்கே வேலை இல்லை, இருப்பது கணக்கு. நாடெங்கும் 88 நடுவங்களில் (நம் சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் ஆகியவையும் அவற்றுள் அடக்கம்) தொழிலாளர் குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், துணிமணி, வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றின் விலையைத் திரட்டி, மாதந்தோறும் ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது மத்திய அரசு. 2016இல் நடப்புக்கு வந்த ஏழாவது ஊதியக்குழுவின் ஏற்பாட்டில், 2015ஆம் ஆண்டின் சராசரியான 261.42 அடிப்படையாயிற்று. பன்னிரு மாதச் சராசரி அதனைவிட நூற்றுக்கு எத்தனை பங்கு ஏறிற்றோ, அத்தனை விழுக்காடு படி. பின்னம் வந்தால் தள்ளுபடி, 17.9 என்று விடை வந்தாலும் கிடைப்பது 17தான். நம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்படிக் கணக்குப் போட்டால் சுழி போடுவோம். அரசாங்கம் போட்டால் அது நெறிமுறை!

கவனியுங்கள். விலை முதலில் ஏறுகிறது. ஏறிய விலையைக் கொடுத்து ஊழியன் வாங்கி உண்டு முடிக்கிறான். பிறகுதான் கணக்கு எடுக்கிறார்கள். சனவரிக்கு உரியதை மார்ச்சிலே அறிவிக்கிறார்கள். ஆக, அகவிலைப்படி என்பது ஊழியன் ஏற்கெனவே இழந்துவிட்ட ஊதியத்தின் ஒரு பகுதி, காலந்தாழ்ந்து அவன் கைக்கே திரும்பி வருவது. உயர்வு என்று அதற்குப் பெயர் சூட்டுவது, பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒன்பதைத் திருப்பித் தந்து, வள்ளல் என்று பாடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. 2020இல் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2016 ஆக மாற்றினர். பழைய வரிசையில் உணவுக்கு நூற்றுக்கு 46.2 பங்கு, புதியதில் 39.17. சராசரிக் குடும்பத்தின் செலவு அப்படி மாறியிருக்கலாம். ஆனால் சம்பளம் சுருங்கச் சுருங்க அதில் சோற்றுக்குப் போகும் பங்கு பெருகும். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் கடைநிலை ஊழியர் சராசரியை உண்டு பசியாறுவதில்லை. தக்காளி விலை அவரைச் சுடும் சூடு, அவருடைய மேலதிகாரியைச் சுடுவதில்லை.

இந்தக் குறைகளோடு வந்துகொண்டிருந்ததையும் 2020 ஏப்ரல் 23ஆம் நாள் நிறுத்தினர். பெருந்தொற்றைக் காரணம் காட்டி, மூன்று தவணைகளை மத்திய அரசு முடக்கிற்று. விலை நின்றதா? குறியீட்டெண் நின்றதா? இல்லை. 17 விழுக்காட்டில் படி உறைந்து கிடக்க, கணக்குப்படி அது 21, 24, 28 என ஏறிக்கொண்டே இருந்தது. 2021 சூலையில் 28 என்று அறிவித்தனர். இடைப்பட்ட 18 மாத நிலுவையைத் தரவில்லை. அதனால் மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே விடையளித்தனர்.

சென்னைக் கோட்டையில் அன்று இருந்தவர்கள் தில்லியின் அடியொற்றி நிறுத்தினர். 2021இல் கோட்டைக்கு வந்தவர்கள், 2022 ஏப்ரலில் தருவோம் என்று முதலில் அறிவித்து, பின்னர் சனவரிக்கு முன்தள்ளினர். தில்லி ஊழியருக்கு 2021 சூலை முதல் 31 விழுக்காடு. நம் ஊழியருக்கு அதே 31, ஆறு மாதம் கழித்து. முன்னவர் செய்தால் கொடுமை, பின்னவர் செய்தால் நிதி நெருக்கடி என்று நியாயம் பேச நம் தோழர்கள் சிலரே முன்வந்தனர். பெருக்கல் வாய்பாட்டுக்குக் கட்சி உண்டா?

வாய்பாட்டையே போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியர் ஒருவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். ஆண்டு உயர்வை ஒதுக்கிவிடுவோம். 2020 முதல் ஆறு மாதம், மாதம் 824 ரூபாய் இழப்பு. அடுத்த ஆறு மாதம் 1,442. அதற்கடுத்த ஆறு மாதம் 2,266. மொத்தம் 27,192 ரூபாய். 2021 பிற்பாதியில் மாதம் 2,884 வீதம் இன்னும் 17,304. கூட்டினால் 44,496 ரூபாய்! இரண்டு மாத அடிப்படை ஊதியத்திற்கும் மேல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்விக்கடனும் தங்கையின் திருமணக் கடனும் தோளில் ஏறி நிற்கும் இளைஞனிடமிருந்து, சம்பளத்தைக் குறைத்தோம் என்று சொல்லாமலேயே குறைத்தார்கள். "இரண்டு மாதச் சம்பளம் பிடித்தம்" என்று ஆணை பிறந்திருந்தால் நாடு கொதித்திருக்கும். "படி நிறுத்தம்" என்றதால் தியாகம் என்று பெயராயிற்று.

"கருவூலம் காலி, என் செய்வோம்?" என்கிறார்கள். 2019 செப்டம்பரில் பெரு நிறுவனங்களின் வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகத் தாழ்த்தப்பட்டதே, அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தாரே, அப்போது காலியாகாத கருவூலமா குமாஸ்தாவின் படியால் காலியாயிற்று? படியை நிறுத்திய மறுமாதம், 2020 மே மாதத்தில், உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்து கிடக்கையில், பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றினர். விலை குறையும் வழியையும் அடைத்து, விலைக்கு ஈடான படியையும் அடைத்தார்கள்.

"வயலில் உழைப்பவனுக்கும் கடையில் நிற்பவனுக்கும் படி உண்டா? உங்களுக்கு மட்டும் ஏன்?" இந்தக் கேள்வியைக் கேட்போர் இருவகை. ஏழைமேல் இரக்கம் கொண்டு கேட்பவர் ஒருவகை. ஏழையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கேட்பவர் மற்றொரு வகை. இருவருக்கும் விடை ஒன்றுதான்: அவர்களுக்கும் தருக! 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே, வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப ஏறும் படியைக் கூலியின் ஓர் உறுப்பாக வகுத்தது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி என்பதுவரை எண்ணிக் கணக்கிட்டு, தேவைக்கேற்ற ஊதியம் இதுவென வரையறுத்தது. இரண்டாவது ஊதியக்குழு அதனை ஏற்கவில்லை. 1960 சூலையில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அவசரச் சட்டம் பாய்ந்தது. 1968 செப்டம்பர் 19இல் மீண்டும் ஒருநாள் நிறுத்தினர். உயிரையே ஈந்தோர் உளர். விலையேற்றம் முழுமைக்கும் ஈடான படி எல்லா நிலையினர்க்கும் என்பது ஐந்தாவது ஊதியக்குழுவில், 1996இல்தான் நிலைபெற்றது. பரிசு என்கிறார்களே, அந்தப் பரிசின் வரலாறு இது.

இனி நம் முற்றத்தையும் பார்ப்போம். நமக்கு நான்கு விழுக்காடு தாமதமானால் சங்கம் கூடுகிறது, கண்டனம் எழுகிறது, சரியே. அதே பள்ளியில், அதே ஆசிரியர் அறையில், ஓவியமும் தையலும் கணினியும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியர் அமர்ந்திருக்கிறாரே, அவருக்கு எத்தனை விழுக்காடு? சுழியம்! 2012இல் 16,000க்கும் மேற்பட்டோரை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினர். குறியீட்டெண் ஏறினால் அவர் ஊதியம் ஏறாது. போராட்டம் நடந்தால், தேர்தல் நெருங்கினால் ஏறும். 2021 தேர்தல் ஆண்டில் 10,000 ஆயிற்று. மே மாதத்துக்கு ஊதியமே இன்றி ஆண்டுகள் பல கழித்தனர். பள்ளிக்கு விடுமுறை, சரி. மே மாதத்தில் பசி விடுமுறை எடுத்துக்கொள்கிறதா?

அவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, படி என்பது உரிமை என்று பேசுகிறோம். உரிமை என்றால் அது நிரந்தரப் பணியாளனின் வயிற்றோடு முடிந்துவிடாது. ஆகவே, அடுத்தமுறை சங்கத்தின் கோரிக்கை மனு எழுத அமரும்போது, 18 மாத நிலுவையை இரண்டாவதாக எழுதுவோம். தொகுப்பூதியத்தில் உழல்வோர் அனைவருக்கும் குறியீட்டெண்ணோடு பிணைந்த படி, பன்னிரண்டு மாதமும், என்பதை முதலாவதாக எழுதுவோம். எழுத மறுக்கும் சங்கத்தில், ஏன் மறுக்கிறீர் என்று எழுந்து கேட்போம்.