பில்டரில் கஞ்சத்தனம்: நடுக்கடலில் தவிப்பு!

காசிமேட்டில் படகு மோட்டார் திக்கினால் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார்கள். பில்டர் பக்கம் கண் போகாது. பழைய மோட்டாருக்கு இனி அது சரிப்படாது.

2025-ல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்கில் ஒட்டிய பழைய அழுக்கையும் கிளப்பிவிடும். எல்லாம் போய் அடைப்பது பில்டரில்தான். ரோட்டில் பைக் நின்றால் தள்ளலாம். கடலில் படகு நின்றால்?

பில்டர் மாற்றுவது என்ன கம்பசூத்திரமா? கிளாம்பைத் தளர்த்தி பழசைப் பிடுங்கணும். அம்புக்குறி என்ஜின் பக்கம் இருக்கும்படி புதுசை மாட்டணும். ரப்பர் பல்பை அமுக்கி, கசிகிறதா என்று பார்க்கணும். அவ்வளவுதான். (பீடி மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது!)

மோட்டார் வாங்க மானியம் கொடுக்கும் அரசு, கூடவே படகுக்கு இரண்டு பில்டர் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?